அம்மா தலையில் இருந்த சாரணர் துணி

அப்பா பள்ளிச் சாரணராக இரண்டு ஆண்டுகள் கழுத்தில் கட்டிய பச்சைத் துணி, நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டில் அம்மாவின் தலைக்குப் போனது. தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிறு உறுத்தாமல் இருக்க அதை மடித்து வைத்துக்கொள்வார். பதினொரு ஆண்டுகள் கழித்து நானும் சாரணனானேன். கழுத்துத் துணி இல்லாதவர்கள் சனி, ஞாயிறில் நடக்கும் கந்தப்பளை முகாமுக்கு வர முடியாது என்று ஆசிரியர் சொல்லிவிட்டார்.

"அப்பாவோட துணியத் தாங்கம்மா."

"அவரு கட்டுனது ரெண்டு வருஷம். நான் கட்டுறது பதினொரு வருஷம். இப்ப இது யாரு துணி?"

"என்னைய இழுக்காத" என்று அப்பா தேநீர்க் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்தார்.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்கு முன் திருப்பித் தருவதாகச் சத்தியம் செய்த பிறகே அம்மா கொடுத்தார். எவ்வளவு துவைத்தும் கறை போகவில்லை. முகாமில் யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் அதைத் தூக்கிப் பார்த்தார்.

"இதென்னடா கறை?"

"எங்கம்மா கொழுந்து பறிக்கிறப்ப பட்டதுங்க சார்."

"உன்னைவிட இந்தத் துணி கனக்க வேலை செய்திருக்கு. வடிவாக் கட்டு."

திங்கள் காலை அது அம்மாவின் தலைக்குத் திரும்பியது; இன்னும் ஆறு ஆண்டுகள் அங்கேயே இருந்தது. இப்போது என் பேரனின் சாரணர் துணியோடு ஒரே பெட்டியில் இருக்கிறது. அந்தப் பச்சைத் துணியில் நான் எழுதி ஒட்டிய சீட்டு: அப்பா, இரண்டு ஆண்டுகள், அம்மா, பதினேழு ஆண்டுகள், நான், இரண்டு நாட்கள்.