மில்லுப் புகையும் ஈரத் துணியும்

திருத்தணியில் எங்கள் வீட்டுக்கு எதிரே, காபிக் கடையாக மாற்றிய அரிசி மில்லு மறுபடியும் ஓடுகிறது என்று நம்பிவிட்டேன். இன்ஸ்டாகிராம் போட்டோவில் புகைபோக்கி கருகருவென்று புகைந்தது. மாடிக்கு ஓடி, காயப்போட்ட துணியை வாரினேன்.

சின்ன வயசுப் பழக்கம். அங்கே பாய்லருக்கு உமி தள்ளியவர் எங்க நைனா. புகை கிளம்பினால் அம்மா, "உங்க நைனா கரி அனுப்பறாருடா, துணிய எடு" என்பாள். அவர் வீட்டுக்கு இருமிக்கினே வருவார். அந்த இருமலிலேயே போய்விட்டார்.

போட்டோவுக்குக் கீழே எல்லாரும் "என்னா அழகு" என்று எழுதியிருந்தார்கள். எரிச்சலில், "இந்தப் புகைதான் எங்க நைனாவைக் கொன்னது" என்று எழுதினேன். நாலு பேர் இதயம் போட்டார்கள்.

"ஈரத் துணிய ஏங்க வாரிக்கினு நிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

எதிரே பார்த்தேன். புகைபோக்கி மேல் காக்கா உட்கார்ந்திருந்தது. போட்டோவில் இருந்த புகையை யாரோ போனில் சேர்த்திருந்தார்கள்.