வலது கதவுச் சீட்டு

குலவணிகர்புரம் ரயில்வே கேட்டைப் பற்றி மேலப்பாளையத்துக்காரர் யாரிடமும் வாயைக் கொடுத்துவிடக் கூடாது. பிரசவம், பரீட்சை, மையத்து அடக்கம் என்று அந்தக் கேட்டில் மாட்டிக்கொண்டு தவித்த கதை ஆளுக்கு ஒன்று வைத்திருப்பார்கள். அலி அக்பரிடமும் உண்டு. ஆனால் அவர் சொல்லமாட்டார். சொல்வதற்கு அவருக்குத் தெம்பில்லை.

அவர் மனைவி ஹமீது பீவிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. திங்களும் வியாழனும் பாளையங்கோட்டையில் டயாலிசிஸ். காலையில் கொண்டுபோய்ச் சேர்த்து, மத்தியானம் கூட்டி வர வேண்டும். அரபு நாட்டில், தம்மாமில் ஒரு வீட்டில் டிரைவராக இருந்த மனிதர், இதற்காகவே வேலையை உதறிவிட்டு வந்து, பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். ஆயுசில் பாதி நாள் யார் யாரையோ ஏற்றி இறக்கியவர். இப்போது ஏற்றி இறக்க ஒரே ஒரு ஆள்தான். அதிலேயே மனிதர் ஓய்ந்துபோனார்.

கார் என்று பேர்தான். டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டு வெறும் பலகை. அதன் சாய்மானம் துருப்பிடித்து, எந்தப் பக்கமும் அசையாமல் நட்டுக்குத்தலாக நின்றுவிட்டது. டயாலிசிஸ் முடிந்து வருகிறவளுக்கு பிரஷர் இறங்கிக் கண் சொருகும். தலை சாய்க்க இடமில்லாமல், வண்டி குலுங்கும்போதெல்லாம் கண்ணாடியில் முட்டிக்கொண்டே வருவாள். பின்சீட்டில் படுக்க வைத்தால் குமட்டும். வாடகைக் கார் வைத்துக்கொள்ளுங்கள் என்று மகள் அஃப்ரா சாத்தான்குளத்திலிருந்து போனில் சொல்லிச் சொல்லி அலுத்தாள். அதையும் செய்து பார்த்தார்கள். அடுத்தவன் வண்டியில் ஒருநாள் வாந்தி எடுத்துவிட்டு, அந்த டிரைவர் முகத்தைச் சுளித்ததைப் பார்த்த பிறகு, ஹமீது பீவி அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை.

அந்தத் திங்கட்கிழமை கேட் அடைத்து வெகுநேரம் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்தவள், மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"போதும். இனிமே என்னயக் கூப்பிடாதீங்க. ஊசியக்கூடத் தாங்கிக்கிடுதேன். திரும்பி வாரதுதான் முடியல."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருப்பார். அவளோ வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது என்பதைப்போலச் சொன்னாள். டயாலிசிஸை நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டர் சுற்றிவளைக்காமல் சொல்லியிருந்தார். சீட்டை மாற்றிவிடுகிறேன், நன்றாகச் சாய்கிற சீட்டாகப் போட்டுவிடுகிறேன், ஒரு தடவை மட்டும் வந்து பார் என்று அலி அக்பர் கெஞ்சினார்.

"வியாழக்கிழம ஒரு தடவ வாரேன். அதோட சரி" என்றாள்.

அந்தக் காருக்குச் சாய்கிற சீட்டு புதிதாகக் கிடைக்காது என்று கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். வேறு வண்டியின் பழைய சீட்டைத்தான் மாட்ட வேண்டும். செவ்வாய்க்கிழமை மத்தியானம், பேட்டை ரோட்டில் குருபிரசாத் வைத்திருக்கிற காயலான் கடைக்குப் போனார். வெயில் மண்டையைப் பிளந்தது. குருபிரசாத் ஒரு பெரிய காரைக் காட்டினான். முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. ஸ்டியரிங், மீட்டர் எல்லாவற்றையும் யாரோ ஏற்கெனவே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். முன்சீட்டு இரண்டும் மட்டும் புதிதுபோல இருந்தன. எது வேண்டுமோ கழற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு அவன் சாப்பிடப் போனான்.

அலி அக்பருக்கு ஒன்று போதும். தனக்கு எந்தச் சீட்டாக இருந்தால் என்ன? கதவைத் திறந்து குத்தவைத்து உட்கார்ந்து போல்ட்டைக் கழற்றினார். கழற்றிய பிறகு துணியைத் தடவித் தடவிப் பார்த்தார். ரத்தக்கறை எதுவும் இல்லை. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. இந்த வண்டியில் வந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று, சாப்பிட்டுத் திரும்பிய குருபிரசாத்திடம் கேட்டார். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை, வண்டிக்காரரே நடந்து வந்துதான் விற்றுவிட்டுப் போனார் என்றான். உண்மையோ வியாபாரப் பேச்சோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம். நம்பித்தான் ஆக வேண்டும்.

புதன்கிழமை காலையில் வீட்டு வாசலில் காரை நிறுத்தி வேலையைத் தொடங்கினார். பழைய சீட்டின் போல்ட்டுகள் மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்தும் இம்மியும் அசையவில்லை. தட்டி, திருகி, கை தோல் உரிந்து, ஒருவழியாகச் சீட்டைத் தூக்கியபோது அடியில் புளிப்பு மிட்டாய்த் தாள்கள் குவிந்து கிடந்தன. குமட்டலை அடக்க ஹமீது பீவி வழியெல்லாம் வாயில் போட்டுக்கொள்ளும் மிட்டாய். இவ்வளவையும் தின்றா அடக்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தபோது அவருக்கு ஸ்பேனரைக் கையில் எடுக்கவே மனசு வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தார்.

பெரிய காரின் சீட்டு சின்னக் காரில் அவ்வளவு லேசில் உட்காருமா? ஓட்டைகள் பொருந்தவில்லை. லேத் பட்டறையில் இரும்புப் பட்டை வெட்டி, ஓட்டை போட்டு வாங்கி வந்து, அதன்மேல் சீட்டை ஏற்றி முடுக்கினார். பெல்ட் மாட்டும் கொக்கி தரையோடு இருந்ததால் அதற்கு வம்பில்லை. சாயங்கால அசர் பாங்கு சொல்லும்போது வேலை முடிந்தது. நிமிர்ந்தபோது இடுப்பு 'ஐயோ' என்றது. சாய்த்துப் பார்க்கலாம் என்று தானே ஏறி உட்கார்ந்து, கதவுப் பக்கம் கையை விட்டு லீவரைத் தேடினார். லீவர் இல்லை. அது அந்தப் பக்கம், டிரைவர் சீட்டை ஒட்டி இருந்தது.

விஷயம் அப்போதுதான் உறைத்தது. அவர் கழற்றி வந்தது வலது பக்கத்து டிரைவர் சீட்டை. தம்மாமில் ஸ்டியரிங் இடது பக்கம். அந்த வீட்டுக் கிழவரை வலது கதவைத் திறந்து, கைத்தாங்கலாக ஏற்றி, சாய்த்து உட்கார வைப்பார். ஊர் வந்த பிறகு ஓட்டும்போது ஒருநாளும் அவருக்கு இடம் வலம் தடுமாறியதில்லை. ஸ்டியரிங் இல்லாத காரைப் பார்த்ததும் கை பழைய வழியில் போய்விட்டது. முடியாதவர்களுக்கு வலது கதவு என்று அது பழகியிருந்தது.

குருபிரசாத்துக்குப் போன் போட்டார். மற்ற சீட்டு அன்று காலையில்தான் விலைபோயிருந்தது.

"இத்தன வருசம் வண்டி ஓட்டுனவரு, இடது வலது தெரியாமப் போச்சா பாய்?" என்று அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, வேறு வண்டி வந்தால் சொல்லுகிறேன் என்றான்.

ஹமீது பீவி வாசலுக்கு வந்து சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். உயரம் கூடுதல், கால் தரையில் எட்டவில்லை. அவர் பழைய தலையணை ஒன்றை மடித்துக் காலடியில் வைத்தார். லீவர் உங்கள் பக்கமல்லவா இருக்கிறது என்றாள். தப்பாகிவிட்டது என்றார் அவர். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "ம்" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். மனிதருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. ஒரே ஒரு தடவை வருகிறேன் என்றவளுக்கு, அந்த ஒரு தடவையையும் கோணலாக்கி வைத்திருக்கிறோமே என்று இரவெல்லாம் புரண்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீல்சேரில் தள்ளிக்கொண்டு வந்து காரில் ஏற்றினார். முகம் வெளிறி உதடு காய்ந்திருந்தது. குலவணிகர்புரம் வந்தால், சொல்லி வைத்தாற்போல் கேட் அடைத்துக் கிடந்தது. முன்னால் பஸ், பின்னால் ஆட்டோ, சுற்றிலும் பைக். அவளுக்குக் கண் சொருகத் தொடங்கியது. தலை கண்ணாடிப் பக்கம் சரிந்தது. சாய்ந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்கும் தெரிகிறது. மடியில் கிடந்த கையைத் தூக்க முடியவில்லை. லீவர் கதவுப் பக்கம் இருந்திருந்தாலும் அந்தக் கை போயிருக்காது.

அலி அக்பர் திரும்பி, வலது கையைக் குறுக்கே நீட்டிச் சாய்மானத்தைத் தாங்கிக்கொண்டார். இடது கையைக் கீழே விட்டார். லீவர் கைக்குள்ளேயே இருந்தது. தூக்கினார். பட்டென்று விழுந்துவிடாமல், அவள் பாரத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, பையப் பைய இறக்கினார். தம்மாமில் அந்தக் கிழவருக்குக்கூட இத்தனை பதனமாகச் செய்ததில்லை. கழுத்து நிலைக்கு வந்தது. தலை சீட்டில் பதிந்தது. அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். மிட்டாய் கேட்கவில்லை.

ரயில் போய் முடிந்தது. கேட்காரர் இன்னும் திறக்கவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்து அவர் மெதுவாகக் கையை எடுக்கப் போனார்.

"இருக்கட்டும்" என்றாள், கண்ணைத் திறக்காமல். கொஞ்ச நேரம் கழித்து, "திங்கக்கிழம வெள்ளனவே கெளம்பிருவோமா? வெயில் ஏறிட்டா உங்களுக்குத் தலவலி வந்துருதுல்லா" என்றாள்.

கேட் திறந்தது. முன்னால் நின்ற பஸ் நகர்ந்துவிட்டது. பின்னால் ஆட்டோக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். அலி அக்பருக்குக் கண் தெளிந்து ரோடு தெரிய வேண்டியிருந்தது. அதுவரை அடித்துக்கொண்டிருக்கட்டும் என்று இருந்தார்.