சிலைகளின் பின்பக்கம்

புளியங்குளத்தில், பெரிய மனிதர்களுக்குச் சீமெந்தில் சிலை செய்யும் ஒருவரைச் சந்தித்தேன். நாற்பது வயதிருக்கும். கதைக்கும்போது பக்கத்துச் சிலையின் பிடரியை உள்ளங்கையால் தடவிக்கொண்டேயிருந்தார்.

முற்றத்தில் ஒரு புலவர், ஓர் அரசியல் தலைவர், ஒரு கூத்துக் கலைஞர் காய்ந்துகொண்டிருந்தார்கள். முகங்கள் வேறு வேறு. பின்னால் போய்ப் பார்த்தால் மூவருக்கும் ஒரே பிடரி.

"ஏன் அண்ணை, பின்பக்கம் எல்லாருக்கும் ஒரேமாதிரி இருக்கு?"

"ஆக்கள் கொண்டுவாறது முன்பக்கப் படம்தானே. பிடரியை ஆர் படமெடுத்து வைச்சிருக்கினம்? இது அப்பாவின்ர பிடரி. சின்னனில இடம்பெயரேக்க, அவற்ற சைக்கிள் கரியரில இருந்து நாள் முழுக்க இதைத்தான் பாத்துக்கொண்டு வந்தனான்."

"அப்பாவின்ர முகம்?"

"படம் ஒண்டும் மிஞ்சேல்லை. எனக்கும் மறந்துபோச்சு."

இப்போது எந்தச் சந்தியில் சிலையைக் கண்டாலும் முதலில் பின்பக்கம் போய் நிற்கிறேன். யாருடைய சிலை என்பதைப் பிறகுதான் வாசிக்கிறேன்.