தையலுக்கு விட்ட ஓரம்

மெல்லிய பலகையில் முகம் அறுப்பவர்கள் மூச்சு விடுவதற்குக்கூட நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது.

பிளேடு ஒடியும் அந்தச் சிறு ஓசையில் நெஞ்சு நின்று, பிறகு ஓடத் தொடங்கிய அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால், நாம் உறவினர்கள். மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். புகைப்படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றித் தாளில் அச்சிட்டு, ஒட்டுப்பலகையின்மேல் ஒட்டுவோம். கறுப்பாக உள்ள இடங்களில் ஊசித்துளை இட்டு, நூல்போன்ற பிளேடை அதில் கோத்து, ரம்ப எந்திரத்தில் பூட்டி, அந்தப் பகுதிகளை அறுத்து எடுத்துவிடுவோம். பின்புறம் கறுப்புத் துணியை ஒட்டினால், எடுத்த இடங்கள் நிழலாகும். எஞ்சிய மரம் முகமாகும்.

பள்ளியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு என் மாடி அறையில் நடக்கும் வேலை இது. பிற்பகல் வெயில் சன்னல் வழியே சாயும்போது மரத்தூள் பொன்னாய் மிதக்கும். தெருக்கோடியில் பனியன் துணி பின்னும் நிட்டிங் எந்திரங்களின் முழக்கமும் என் ரம்பத்தின் ரீங்காரமும் ஒரே சுருதியில் சேரும். அவ்வேளையில் நான் விழித்திருக்கிறேனா என்பதை என் விரல்கள்தாம் அறியும்.

கனம் கேட்டவர்

என் முதல் வாடிக்கையாளர் ஒரு பனியன் கம்பெனி உரிமையாளர். தாம் வளர்க்கும் காங்கேயம் காளையை அறுத்துத் தரச் சொல்லியிருந்தார். கொம்பின் நுனி முறிந்துவிடாமல் காப்பதற்குள் நான் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். திமிலின் வளைவையும் தாடையின் மடிப்புகளையும் அவர் வியப்பார் என்று காத்திருந்தேன்.

அவரோ பலகையின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். துணியின் கனத்தை அளந்தே வாழ்ந்த விரல்கள் அவை. பிறகு மிகுந்த பணிவோடு கேட்டார்: "ஏனுங்க டீச்சர், இது எத்தன ஜி.எஸ்.எம். வருமுங்க?"

மிதக்காத ஒளி

சேவூரிலிருந்து ஓர் இளம்பெண் தன் மகனின் படத்தைக் கொண்டுவந்தாள். கண்ணின் கருமைக்குள் வெள்ளைப் புள்ளியாய் மின்னும் ஒளி அப்படியே வரவேண்டும் என்றாள். சுற்றிலும் அறுத்து எடுத்துவிட்டால் அப்புள்ளியைத் தாங்குவதற்கு ஒன்றும் இராது, உதிர்ந்துவிடும் என்று விளக்கினேன். இமையிலிருந்து ஒரு மெல்லிய இணைப்பை விட்டால் நிற்கும். ஆனால், ஒளி தனியாக மிதப்பதுபோல் தோன்றாது.

அவள் தன் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு நின்ற மகனைக் குனிந்து பார்த்தாள். "புடிச்சுக்கிட்டே இருக்கட்டுங்க டீச்சர். இவனும் அப்படித்தானுங்க, உட்டா உழுந்துருவான்."

அட்டையில் இருந்த முகம்

பக்கத்து வீட்டுப் பழனிச்சாமி ஒரு நிட்டிங் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காக விரித்து வைத்து வெட்டுபவர். அதே கம்பெனியில் ஓவர்லாக் தைக்கும் ஸ்டெல்லாவை அவர்தாம் என்னிடம் அழைத்து வந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். மகளுக்குத் திங்கட்கிழமை தேவாலயத்தில் திருமணம். மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். அவருடையதாக எஞ்சியிருந்தது கம்பெனி அடையாள அட்டையில் இருந்த ஒரே ஒரு படம். "அப்பா மூஞ்சியப் பாத்துட்டுத்தான் கோயிலுக்குள்ள போவேன்னு மக சொல்லுதா. அவளுக்கு அப்பா மொகம் நெனப்பே இல்ல டீச்சர்" என்றார் ஸ்டெல்லா.

படத்தில் கன்னங்கள் ஒட்டி, கண்கள் குழிந்திருந்தன. ஸ்டெல்லா அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். கோட்டிலிருந்து மயிரிழையும் விலகாமல், உள்ளதை உள்ளபடி அறுத்துத் தருவதாக வாக்களித்தேன். அவர் அட்டையை என் உள்ளங்கையில் வைத்தார். "உள்ளபடிக்கே இருக்கட்டும் டீச்சர். வேற என்னத்தக் கேக்க? இது ஒண்ணுதான இருக்கு."

மாஸ்டரின் கை

முடி, மீசை, சட்டைக் கழுத்து ஆகியவை முடிந்தன. கன்னத்து நிழலும் கண்குழியும் மீதமிருந்த வெள்ளிக்கிழமையன்று என் மணிக்கட்டு வீங்கி மடங்க மறுத்தது. பார்க்க வந்த மாஸ்டர், "நகருங்க டீச்சர். கை இப்படி வீங்கிக் கெடக்கறப்ப எங்கீங்க வெட்டறது? நானுந்தானுங்க வெட்டறவன்" என்று எந்திரத்தின்முன் அமர்ந்தார்.

அவர் கை நடுங்கவே இல்லை. அந்த நிதானத்தை நம்பி நாற்காலியில் சாய்ந்தேன். ரம்பத்தின் ஓசை தேய்ந்து தேய்ந்து ஓர் ஆறாயிற்று; மரத்தூள் அதன்மேல் மகரந்தமாய் இறங்கியது. அந்த ஆறு திடீரென நின்றபோது கண் விழித்தேன். நிழல் ஒவ்வொன்றையும் சுற்றி, அறுபட வேண்டிய கறுப்புத் தாள் ஒரு மெல்லிய ஓரமாக மீந்திருந்தது. தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே சீரான ஓரம்! அதை மறுபடி அறுக்கப் போனால், பற்றுவதற்கு மரமின்றிப் பிளேடு வழுக்கி ஓடிவிடும்.

"மாஸ்டர், கோட்டின்மேல் ஏன் வெட்டவில்லை?" என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கோட்டு மேலயே வெட்டிப்போட்டா தையலுக்கு என்னங்க டீச்சர் மிஞ்சும்?"

சன்னலோரம்

மறுநாள் மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு, புதுப் பலகையில் முதலிலிருந்து தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் முடித்தேன். ஒரு கோடும் பிசகவில்லை. மாஸ்டரோ, பலகை வீணாயிற்றே என்ற வருத்தத்தில், தாம் வெட்டியதன் தாளை உரித்து, பின்புறம் கறுப்புப் பனியன் துணியை ஒட்டி, சன்னலோரம் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

மாலையில் ஸ்டெல்லா வந்தார். என் படத்தை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். "அட்டையில இருக்க மாதிரியே இருக்கு டீச்சர்" என்று தலையசைத்தார். திரும்பியவர் சன்னலைப் பார்த்தார். சாய்ந்த வெயில் அந்த மற்றொரு முகத்தின்மேல் கிடந்தது. நிழல்கள் சுருங்கியதால் கன்னங்கள் நிறைந்து, கண்குழி தூர்ந்திருந்தது. என் படத்தை மேசையில் வைத்துவிட்டு, அதன்முன் தரையில் அமர்ந்துவிட்டார்.

"அது பிழையானது, ஸ்டெல்லா. எடுக்க வேண்டாம்" என்று விரைந்தேன்.

"இல்ல டீச்சர். அந்த அட்டப் படம் நோவு வந்த பெறகு எடுத்தது. அன்னைக்கே சொல்லணும்னு வந்துச்சு, சொல்லி என்ன செய்யன்னு விட்டுட்டேன்." பலகையின் கன்னத்தை விரலால் தடவினார். ஈரமான கண்களோடு என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "மக கல்யாணத்துக்குன்னு கொஞ்சம் சதை போட்டுட்டு வந்திருக்காக டீச்சர்."

கோட்டிலிருந்து இம்மியும் பிசகாத என் படம் இன்றுவரை அலமாரிக்குள்ளேயே இருக்க, நானோ புதிதாக ஒரு முகத்தைப் பலகையில் ஒட்டும்போதெல்லாம், தையலுக்கு எவ்வளவு விடலாம் என்று சுவருக்கு அப்பால் இருக்கும் மாஸ்டரிடம் குரல் கொடுத்துக் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டேன்.