வெள்ளிக்கிழமை டிராயிங் பீரியடு

கால அட்டவணையை எழுதுவது என் வேலை. எங்கள் பள்ளியில் கையெழுத்து நன்றாக இருப்பவர்களுக்கு விமோசனமே கிடையாது. ஜூன் பிறந்தால் பெரிய சார்ட்டில் கட்டம் போட்டு, பாடத்துக்கு ஒரு நிறமாக எழுதி, ஆபீஸ் ரூமுக்கு வெளியே கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுவேன். ஓவியத்துக்குப் பச்சை. பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் அதன் முன்னால் நின்று, பாட்டு இருக்கு, டிராயிங் இருக்கு, கராத்தே இருக்கு என்று பார்த்துவிட்டுத் திருப்தியாக உள்ளே போவார்கள். பெரிய வகுப்புகளின் பச்சைக் கட்டங்களில் என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

நாகல் நகரிலிருந்து ஆட்டோவில் சீக்கிரம் போய்விடலாம், அந்த மெட்ரிக் பள்ளிக்கு. தொண்ணூறுகளின் கடைசியில் ஓவிய ஆசிரியையாக அங்கே சேர்ந்தேன். சின்ன வகுப்புகளுக்கு அந்தந்த கிளாஸ் டீச்சரே டிராயிங்கும் நடத்திவிடுவார், என் வகுப்புகள் மேலேதான். ஆறாம் வகுப்பிலிருந்தே, பாடம் முடியவில்லை என்று யாராவது வந்து பீரியடைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். ஒன்பதாம் வகுப்பில் கேட்கக்கூட மாட்டார்கள். பாதி வருஷத்துக்குள் ஒன்பதாம் பாடத்தை ஒப்பேற்றிவிட்டுப் பத்தாம் பாடத்தைத் தொடங்குவது பள்ளியின் வழக்கம். அதற்கு நேரம் எங்கே இருக்கிறது? பச்சைக் கட்டத்தில் இருக்கிறது. கணக்கு சார் நேராக உள்ளே போய்விடுவார்.

எப்போதாவது வாசலில் எதிரெதிரே பார்த்துக்கொண்டால் மட்டும், "டீச்சர், கோவிச்சுக்காதீங்க. டிரிக்னாமெட்ரி அம்புட்டும் அப்படியே கெடக்கு" என்பார். நல்ல மனிதர். திட்டவும் முடியாத அளவுக்கு நல்லவர். அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

பீரியடு போனதால் நான் சும்மா இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். நோட்டீஸ் போர்டு எழுதினேன். சான்றிதழ்களில் பெயர் எழுதினேன். ஆண்டு விழா மேடைக்குத் தெர்மோகோலில் மயில் வெட்டினேன். அறிவியல் கண்காட்சி வந்தால், பிள்ளைகள் வரைந்ததாகச் சொல்லப்படும் இதயம், நுரையீரல் எல்லாம் என் கைவேலைதான்.

இப்படிச் சில வருஷம் போனது. ஒருநாள் தாளாளர் கூப்பிட்டார்.

"மேல் கிளாஸ்ல உங்க பீரியடு நடக்கிறதே இல்லியாமேம்மா. அடுத்த வருசம் எல்கேஜிக்குப் போயிருங்க. அங்க ஆளு பத்தல."

நடக்கவிடாதது யார் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அதற்குப் பதிலாக, ஒன்பதாம் வகுப்பின் வெள்ளிக்கிழமை ஆறாவது பீரியடை மட்டும் எனக்கே விட்டுவிடுங்கள் என்று கேட்டேன். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, தூரத்துப் பொருள் ஏன் சின்னதாகத் தெரிகிறது என்பதையெல்லாம் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டுமென்றுதான் இந்தப் படிப்பையே படித்தேன். வாரத்தில் ஒரு பீரியடு போதும், நான் ஓவிய ஆசிரியை என்று சொல்லிக்கொள்ள.

"இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும், பாப்போம்" என்றார்.

இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. ஆய்வகப் பாட்டில்களில் தூசி துடைத்தார்கள், பூட்டியே கிடந்த நூலக அலமாரியைத் திறந்துவைத்தார்கள். அன்று வெள்ளிக்கிழமை. ஆறாவது பீரியடுக்கு மறக்காமல் என்னை ஒன்பதாம் வகுப்புக்கு அனுப்பினார்கள். எல்லாருக்கும் புது டிராயிங் நோட்டு கொடுத்தாயிற்று. பிள்ளைகளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிவைக்கத்தான் மறந்துபோனார்கள்.

ஆய்வுக்கு வந்த அம்மா தாளாளருடன் உள்ளே வந்தார். முன் பெஞ்சில் இருந்த கிளாஸ் லீடரைப் பார்த்து, "டிராயிங் பீரியடுக்கு யாரும்மா வருவாங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

வராந்தாவில் கவலையோடு நின்றிருந்த கணக்கு சாரை ஜன்னல் வழியாகக் காட்டினாள் அந்தப் பெண். "அந்த சார்தான் மேடம். நல்லா நடத்துவாரு."

வகுப்பே தலையாட்டியது.

"அப்ப இவங்க?"

"இவங்க நோட்டீஸ் போர்டு எழுதுற மிஸ்."

பிள்ளை பொய் சொல்லவில்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை வருஷம் அந்த வராந்தாவில் நடந்திருக்கிறேன், நான் யாரென்று ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை.

அந்த அம்மா போகும்போது, அட்டவணையில் இருப்பது வகுப்பிலும் நடக்க வேண்டும், மறுபடி வந்து பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். தாளாளர் உடனே கணக்கு சாரையும் என்னையும் நிற்கவைத்து, ஆறாவது பீரியடு இனி டிராயிங்தான் என்று தீர்ப்புச் சொன்னார். எல்கேஜிப் பேச்சும் நின்றது. அவமானப்பட்டுக் கிடைத்தாலும் கிடைத்தது கிடைத்ததுதானே.

அடுத்த வெள்ளிக்கிழமை புது சாக்பீஸ் எடுத்துக்கொண்டு போனேன். அந்த வகுப்பு ஜன்னலில் இருந்து பார்த்தால் மலைக்கோட்டைப் பாறை முழுசாகத் தெரியும். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு வரையுங்கள் என்றேன். சுற்றி வந்து பார்த்தால் எல்லா நோட்டிலும் இரண்டு முக்கோணம், நடுவில் சூரியன்.

"இது எந்த ஊரு மலைப்பா?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

கிளாஸ் லீடரின் தலை நோட்டின் மேல் சாய்ந்திருந்தது. குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து வேனில் வருகிற பெண். காலை ஸ்பெஷல் கிளாசுக்காக விடியும் முன்பே ஏறி, சாயங்காலம் டியூஷனும் முடித்துத்தான் வீட்டுக்குப் போவாள். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எவ்வளவு பட்டு இந்தப் பீரியடை வாங்கியிருக்கிறேன். எழுப்பக் கிட்டே போனேன். பென்சில் இன்னும் விரலுக்குள்ளேயே இருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. நிமிர்ந்தால் மற்ற பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் கண்ணிலும் தூக்கம்.

"சரி, செத்த நேரம் எல்லாரும் தலைய வச்சுக்கங்க" என்றேன்.

நான் ஜன்னல் கதவைச் சாத்தி வெயிலை மறைப்பதற்குள் வகுப்பே தூங்கிவிட்டது. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

பாதி பீரியடு போயிருக்கும், கணக்கு சார் புத்தகத்தோடு வந்தார். நான் வெளியே போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டு நின்றேன்.

"டீச்சர், மிச்ச நேரத்தையாவது குடுத்தீங்கன்னா..."

"டிராயிங் நடக்குது சார்" என்றேன்.

கதவு இடுக்கில் எட்டிப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். விடிகாலை டியூஷனில் அவருக்கும் கண் சிவந்திருந்தது. "நடக்கட்டும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, சத்தம் வராமல் திரும்பிப் போனார்.

அந்த வருஷம் முடியும்வரை ஆறாவது பீரியடை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. ஒரு பிள்ளைகூட ஒரு படமும் வரைந்து முடிக்கவில்லை.