அடையாறு பூங்காவில் என் தூளிச் சேலை

எனக்கு அறுபத்தெட்டு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஒன்றும் சோடை போகவில்லை. ஏழும் உறங்கியது ஒரே நூல் சேலைத் தூளியில். மகள் வயிற்றுப் பேத்தி செல்வியும் அதில்தான் உறங்கினாள். மகளின் இரண்டாவது பிரசவம் பார்க்கக் கோவில்பட்டியில் ரயிலேறியபோது, ஊறுகாய் ஜாடி உடையாமல் இருக்க அந்தச் சேலையைத்தான் சுற்றிக் கொண்டுவந்தேன். ஜாடி பத்திரமாகத் தியாகராய நகர் வந்தது.

தூளிக் கொக்கியைத் துடைத்துவிட்டுத் தேடினால் சேலையைக் காணோம்.

"ஜாடி சுத்தியிருந்த துணியாம்மா? பழசோட சேர்த்துப் பாத்திரக்காரிட்ட போட்டுட்டேனே!" என்றாள் மகள். பதிலுக்கு வந்த எவர்சில்வர் தூக்குவாளி அலமாரியில் மின்னியது.

மருமகன் ஜவுளிக்கடைக்காரர். "கடை நிறையச் சேலை கிடக்கு அத்தை. எது வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க."

"நாப்பது வருசத்துக்கு மேல துவைச்ச சேலை உங்க கடையில இருக்கா மாப்பிள்ளை? புதுத்துணி பச்சைப்பிள்ளைய அறுக்கும்."

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தூக்குவாளியோடு கிளம்பினேன். துணைக்கு வருகிறேன் என்ற செல்வியிடம், எனக்கே வாசிக்கத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். பஸ் பலகையை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் இரண்டு பஸ் போய்விட்டது. மூன்றாவதில் இருபது காசு டிக்கெட்.

மகள் வழி சொன்னபடியே, பாத்திரக்காரி மயிலாப்பூர்க் குளத்தை ஒட்டிய தெருவில் துணிக்குவியல் நடுவே இருந்தாள்.

"இன்னா ஆயா, குட்த்த துணிய திருப்பிக் கேக்குற? வாளி ஓட்டையா கீதா?"

நல்ல துணியைத் தைத்து விற்பாளாம். கிழிசல் எல்லாம் மோட்டார் பட்டறைக்குப் போகுமாம், எண்ணெய் துடைக்க. குவியலைக் கிளறத் தொடங்கினேன். ஊறுகாய் எண்ணெய் பட்ட சேலை ஆயிற்றே!

அடையாளம் சொன்னதும் சிரித்தாள். "செவப்புக் கட்டமா? மெத்துனு இருந்துச்சே! அடையாறு பார்க்குல வேல செய்யற வள்ளி, புள்ளைக்குன்னு வாங்கினு போய்ட்டா."

வெளியே வந்தபோது ஒரு மாட்டுவண்டியில் கோயிலில் கழித்த மாலைகளும் எச்சில் இலைகளும் ஏறிக்கொண்டிருந்தன. இந்தக் குப்பைக்கும் ஒரு போக்கிடம் இருக்கும்போல என்று நினைத்தபடி அடுத்த பஸ் ஏறினேன். ஆற்றுப் பாலத்தில் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். பாலம் தாண்டியதும் நிழல்.

பூங்காவுக்குப் போய்ச் சேர உச்சிவேளை. மூலையில் ஒரு குழி. அதில் வாடின மாலைகள், இலைகள், சாணம். அதைப் புரட்டிக்கொண்டிருந்தவள்தான் வள்ளி. அந்தக் கறுப்பு எருவை அள்ளிக் கன்றுகளுக்குப் போட்டாள். பக்கத்தில் தூங்குமூஞ்சி மரக்கிளையில் என் சேலை. உள்ளே அவள் பிள்ளை.

"அது என் சேலை. என் மகளுக்கு இந்த வாரம் பிரசவம். வாளிய எடுத்துக்கிட்டுச் சேலையக் குடு."

"காசு குட்த்து வாங்கினது ஆயா. வாளியிலயா எம் புள்ளையப் படுக்க வெப்பேன்?"

பிள்ளை முழிக்கட்டும் என்று உட்கார்ந்தேன். ஈ மொய்த்தது, கை தானாகத் தூளியை ஆட்டியது.

"புடுங்க வந்துட்டு ஆட்டினு கீறியே! இப்புடி ஆட்னா எப்புடி முழிக்கும்?" என்றாள் வள்ளி. கொஞ்சம் யோசித்தாள். "எம் புள்ள ஒரு முழம். பாதி போதும். மீதிய நீ எடுத்துக்க."

அந்தச் சேலையில் ஒரு நூல் விட்டாலும் அன்றைக்கே தைத்தவள் நான். பிள்ளை முழித்து அழுதது. வள்ளி அதை என் மடியில் போட்டுவிட்டுத் தூளியை அவிழ்த்தாள். கரையைப் பல்லால் கடித்து, ஒரு முனையை என்னிடம் நீட்டினாள்.

"இழு ஆயா!"

இழுத்தேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஓரத்தில் தொங்கிய கிழிசலையும் அவள் விடவில்லை. சாய்ந்து நின்ற புங்கங்கன்றைக் குச்சியோடு சேர்த்து அதனால் கட்டினாள். வாளியை மட்டும் கடைசிவரை வாங்கவே இல்லை.

எங்கள் ஊரில் ஒரு வீட்டுத் துணி அந்த வீட்டுக்குள்ளேயே உழைத்துக் கரித்துணியாகிப் போகும். இங்கே ஒரு வீட்டில் வேண்டாதது நடந்து நடந்து, வேண்டியவர் வீட்டைத் தேடிப் போய்விடுகிறது. பாதிச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பும் பஸ்ஸில் இதைத்தான் நினைத்தேன். கோபம் முழுக்கப் போயிற்று என்று சொல்லமாட்டேன்.

நாலாம் நாள் பேரன் பிறந்தான். பாதியே அவனுக்குத் தாராளம்.

செல்வி, இங்கே வா. பிழை சொல்லாமல், நான் எழுத்துக் கூட்டி எழுதின இதை ஒரு தடவை வாசித்துக் காட்டு. மெதுவாக வாசி, தூளியில் தம்பி உறங்குகிறான்.