பாட்டே இல்லாத படம்

பாப்பாரப்பட்டி டூரிங் கொட்டகைக்கு ஒரு படம் வந்தது. பாட்டு இல்லை, சண்டை இல்லை, கதாநாயகிக்கு நல்ல புடவைகூட இல்லை. இரண்டே நாளில் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். அதை எடுத்த புண்ணியவான் யாரோ, எவரோ, எங்கள் குடும்பமே அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

பெரியப்பா அப்போது ஒரு மாதிரியாகிக்கொண்டிருந்தார். பெரியம்மா சோற்றில் விஷம் வைக்கிறாள் என்று நினைப்பு. அவள் ஒரு வாய் தின்று காட்டினால்தான் தட்டைத் தொடுவார். பிறகு தலைமாட்டில் கொடுவாள் வைத்துக்கொண்டு படுக்க ஆரம்பித்தார். பெரியம்மா பயந்துபோய் எங்கள் வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வாள். வைத்தியம் என்று யாராவது வாயெடுத்தால், "எனக்கென்னா பைத்தியமா?" என்று அடிக்க வருவார்.

நாலு பேரைப் பார்த்தால் மனசு லேசாகும் என்று அப்பா அவரைச் சினிமாவுக்கு அழைத்துப்போனார். நானும் ஒட்டிக்கொண்டேன். என்ன படம் என்று அப்பா விசாரிக்கவில்லை. திரையில் ஒருவன் பெண்டாட்டியைச் சந்தேகப்பட்டான், சாப்பாட்டை முகர்ந்து பார்த்தான், சுவரோடு பேசினான். அப்பாவுக்கு முகம் வெளிறிவிட்டது. எழுந்து போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்தும் பெரியப்பா அசையவில்லை. சுற்றிலும், "பாட்டப் போடுறா!" என்று ஒரே விசில்.

கடைசியில் அவன் தூங்குகிற பெண்டாட்டியின் பக்கத்தில் கத்தியோடு போய் நின்றான். பெரியப்பா சடாரென்று எழுந்தார்.

"டேய், அவனுக்குப் புத்தி சரியில்லடா! யாராச்சும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போங்கடா!"

கொட்டகையே சிரித்தது. நானும் மணலில் புரண்டு சிரித்தேன்.

விடிந்ததும் எங்கள் வாசலில் வந்து நின்றார். "தம்பி, அந்தாளுக்கு மருந்து இருக்குதான்னு பெங்களூரு ஆஸ்பத்திரியில கேட்டுப் பாக்கலாமா?"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே தெருவில் இறங்கிவிட்டார்.

மருந்து இருந்தது. சில மாதங்களில் பெரியப்பா தேறி வந்தார். பேரன் பேத்தி எடுத்து, பெரியம்மாவின் குழம்பில் உப்பில்லை என்று சண்டை போட்டுக்கொண்டு நெடுங்காலம் நன்றாக வாழ்ந்தார். இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது.

அன்று காலையில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? பஸ் கிளம்பும்போது சன்னலோரம் ஓடிப்போய்க் கத்தினேன்.

"பெரியப்பா, அது சினிமாங்க! அந்தாளு நெசமில்லீங்க!"

அவர் கையை வெளியே நீட்டி என் தலையைத் தடவி, "செரி கண்ணு" என்றார். இவ்வளவு பெரிய மனிதருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்கு ஒரே பரிதாபமாக இருந்தது.